படத்தின் மேல் போட்ட துணியை எடுத்துவிடுங்கள்

மாணவர் ஓவியக் கண்காட்சிக் குழுவினருக்கு,

வணக்கம். நடந்தது உங்களுக்குத் தெரியும். பிரதம விருந்தினர் வரும் நேரம் பார்த்து முள்ளிவாய்க்காலின் போர்நாட்களை என் மகள் வரைந்த படத்தை மேசைவிரிப்பால் மூடினீர்கள். அவர் போய் இரண்டு நாளாகியும் துணி அப்படியே கிடக்கிறது. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

துக்கமான படம் என்றீர்கள். சரி, துக்கமான படம்தான். ஆனால் உங்களில் ஒருவர் அவளிடம், "மண்மூட்டைக்கு ஆர் பிள்ளை சரிகைக்கரை போடுறது? நிறம் பிழை" என்றாராம். ஐயா, நிறம் பிழையில்லை. முள்ளிவாய்க்காலில் கடற்கரை மணல். குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்ட வெட்டச் சரியும். குற்றி போட மரமில்லை, உரப்பையும் முடிந்துவிட்டது. சேலைகளை வெட்டிப் பை தைத்து மண் நிரப்பினோம். அந்தச் சிவப்பு என் கூறைச்சேலை. நான்கு பை வந்தது. 2009 இல் அவள் பிறக்கவில்லை, நான் சொல்லக் கேட்டு வரைந்தவள். கரை மூட்டையின் எந்தப் பக்கம் வந்தது என்றுகூடக் கேட்டாள்.

கஞ்சி வரிசையின் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறாளே, பார்த்தீர்களா? அங்கே நிலத்தில் ஒரு சிரட்டை. பின்னால் நிற்பவர் முன்னே நகரவில்லை. படத்தில் சாவு அங்கேதான் இருக்கிறது. பிணமோ இரத்தமோ அவள் வரையவில்லை. விமானங்கள் குண்டு போட்டு அழித்த ஊரைத்தான் பிக்காசோ 1937 இல் 'குவெர்னிக்கா'வாக வரைந்தார். அதில் விமானமும் இல்லை, குண்டும் இல்லை. சித்திரம் படித்த உங்களுக்கு இது தெரியாததல்ல. 2003 இல், ஈராக் போருக்கு நியாயம் சொல்ல ஐ.நா.வுக்கு ஆள் வந்தபோது, பாதுகாப்புச் சபை வாசலில் தொங்கிய அதன் நெசவுப் பிரதியை நீலத்திரையால் மூடினார்கள். அவர்களாவது திரை வாங்கினார்கள். நீங்கள் தேநீர் மேசையில் இருந்ததை உருவிப் போட்டீர்கள்.

பிரமுகர் வந்தால்தான் எங்கள் வீதிக் குழிகளிலும் கிரவல் விழுகிறது. மூடுவதில் அப்படியொரு சுறுசுறுப்பு!

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். பரிசு கேட்கவில்லை. கண்காட்சி ஞாயிறுவரை நடக்கிறது, அதற்குள் துணியை எடுத்துவிடுங்கள். நிறம் பிழை என்ற ஐயா அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசினால் நல்லது. இயலாதென்றால் படத்தைத் தந்துவிடுங்கள், எங்கள் வீட்டுச் சுவரில் ஆணி அடித்தாயிற்று.

இப்படிக்கு,
ஒரு தாய்
புதுக்குடியிருப்பு