செல்லாத நாலணா: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நாம் ராமேஸ்வரத்துக்கு நடந்தே யாத்திரை போய், வரும் தை அமாவாசையோடு 14 ஆண்டுகள் நிறைகின்றன. நாம் ஏன் நடந்தோம், யார் யார் வந்தார்கள் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களையும் வணங்கி, திருப்புல்லாணியில் பெருமாளைச் சேவித்து, சேதுக்கரையில் முழுகி எழுந்த வரையில் நமக்குள் ஒரு மனக்குறையும் இல்லை. ஆகவே மூன்றாம் நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உச்சிப்புளியிலிருந்து விடியுமுன் கிளம்பினோம். வேதாளையை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. சாலையோரத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு முதிய முஸ்லிம் பெண்மணி, நம் கால்களைப் பார்த்ததும், "ராமேஸ்வரமா தாயி? செத்த உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், செம்பு நிறைய நீராகாரமும் நாலு சின்ன வெங்காயமும் கொண்டுவந்து வைத்தார். சேதுபதிகள் இந்தச் சாலை நெடுகச் சத்திரங்கள் கட்டி, யாத்திரை வந்தவர்களுக்குச் சோறு போட்டார்கள் என்று அப்பா சொல்வார். அந்த வழக்கத்தில் ஒரு பிடி அன்று அந்தத் திண்ணையில் இருந்தது.

அங்கே வைத்துத்தான் நீ முந்தானை முடிச்சை அவிழ்த்தாய். உள்ளே இன்னொரு முடிச்சு இருந்தது. மஞ்சள் முழுவதும் போய்ச் செங்காவி நிறத்தில் இறுகிக் கிடந்த அந்தத் துணியை விரலால் அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து அவிழ்த்தாய். விளிம்பு கறுத்த ஒரு நாலணாக் காசு உன் உள்ளங்கையில் விழுந்தது. "உனக்கு ஏழு வயசுல காய்ச்சல் வந்தப்ப அம்மா முடிஞ்சு வச்சது. நீ பிழைச்சா நடந்தே வர்றேன்னு வேண்டிக்கிட்டா" என்றாய்.

அது 1979. அப்போது மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே ரயில் பாலம் மட்டுமே இருந்தது. நடந்து போகிறவர்களுக்குச் சாலை இல்லை. "பாலம் போடட்டும், நடக்கிறேன்" என்று அம்மா தள்ளிப்போட்டாளாம். 1988இல் சாலைப் பாலம் திறந்த பிறகு அந்தக் காரணம் போய்விட்டது, முழங்கால் வலி வந்துவிட்டது. அதன் பிறகு அம்மாவோடு எத்தனையோ முறை பேருந்தில் அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறோம். பாலம் தொடங்கியதும் அம்மா இருக்கையை விட்டு எழுந்து, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாம்பன் வரும்வரை நின்றுகொண்டே வருவாள். கடலைப் பார்க்கத்தான் எழுந்திருக்கிறாள் என்று அந்த நாள்வரை நினைத்திருந்தேன். அது வேடிக்கை பார்க்க அல்ல என்றும், நடக்க முடியாதவள் உட்காரவாவது கூடாது என்று நின்றாள் என்றும் நீ சொன்னபோது, மச்சானும் சித்தப்பா மகனும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு நான் சொன்னதை இங்கே எழுதியே ஆக வேண்டும். "நாலணா செல்லாதுன்னு போன வருஷமே அரசாங்கம் அறிவிச்சாச்சு. செல்லாத காசை எந்த உண்டியல்ல போடப் போற?" என்று கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. காசை மறுபடியும் முடிந்தாய். மண்டபம் வந்ததும் காலில் கொப்புளம் என்று சொல்லி நான் பேருந்தில் ஏறிவிட்டேன்.

கொப்புளம் இருந்தது, அக்கா, அது பொய் இல்லை. ஆனால் அதற்காக ஏறவில்லை. என் உயிருக்காக ஒருத்தி 30 ஆண்டுகளுக்கு மேல் கடன்பட்டிருந்தாள் என்பதையும், அதை எனக்குத் தெரியாமலே நீ அடைத்துக்கொண்டிருக்கிறாய் என்பதையும் தாங்கிக்கொண்டு உன் பக்கத்தில் நடக்க என்னால் முடியவில்லை. என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். கிளம்புவதற்கு முன்பே சொல்லியிருந்தால் அந்தக் காசை நானே சுமந்திருப்பேன். எனக்காக நேர்ந்தது என் கையில் அல்லவா இருந்திருக்க வேண்டும்? எல்லாவற்றையும் போல அதையும் நீயே முடிவு செய்தாய். பிறகு மருமகளின் காதுகுத்தில் பந்தி நடுவே நின்று, நான் பாதிவழியில் ஓடியவன் என்றும் சொன்னாய். வீட்டு விஷயத்தில் அதற்குப் பின் நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. நம் உறவினர்கள் இதைப் படிப்பார்கள். அதை நாம் நேரில் பேசிக்கொள்வோம்.

யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று பேருந்து பாலத்தில் ஏறியபோது, எழுந்து நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நிற்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாம்பன் வரும்வரை உட்கார்ந்தே இருந்தேன்.

பொழுது சாயும் நேரம் அக்னி தீர்த்தக் கரையில் உன்னைக் கண்டேன். பாதங்கள் வீங்கி, மெட்டி விரலில் பதிந்து தோல் சிவந்திருந்தது. உட்காருவதற்கு முன்பே, "கால் எப்படிடா இருக்கு?" என்று என்னைக் கேட்டாய். நான் அன்று அழுதிருந்தால் இவ்வளவு ஆண்டுகள் ஆகியிருக்காது. "பரவாயில்லை" என்று மட்டும் சொன்னேன்.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில்தான் இப்போது ரயில் ஓடுகிறது. 1914இலிருந்து உழைத்த பழைய பாலம் அதன் பக்கத்தில் சும்மா நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் முடிவு செய்தேன். இந்தத் தை அமாவாசைக்கு முந்திய நாள், அன்று பேருந்து ஏறிய அதே இடத்திலிருந்து, மண்டபத்திலிருந்து, பாம்பன், தங்கச்சிமடம் வழியாக நடந்தே வருகிறேன். உன்னை வரச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. விடியற்காலை நாலு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் இருப்பேன். ஐந்து மணி வரை காத்திருப்பேன்.

அந்தக் காசை என்ன செய்தாய் என்று இதுவரை நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. உண்டியலில் போட்டிருந்தால் நல்லது. இன்னும் உன்னிடம் இருந்தால், எடுத்துக்கொண்டு வா.

உன் தம்பி