பின்சுவர்க் கூட்டைப் பற்றி அப்பாவுக்கு

பாலிக் பூலாவ், பினாங்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

பின்சுவருக்குச் சிமெண்ட் பூசப்போவதாகத் தம்பி போனில் சொன்னான். கொசுத்தேனீ இருக்கும் ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் இடத்தை மட்டும் பூசாமல் விடச் சொல்லுங்கள். அதற்காகவே இந்தக் கடிதம்.

இந்த வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு பாக்சிக் (மலாயில் மாமா) ஒரு மரத்துண்டைக் கொண்டுவந்து கொல்லையில் நிறுத்தினார். உள்ளே கூடு, மேலே பலகைப் பெட்டி, வாசலில் பிசினால் கட்டிய குழல். இங்கே இதற்குக் கெலுலுட் என்று பெயர். நம் கொசுத்தேனீயின் இனம்தான், கொஞ்சம் பெரிது. கொட்டாது. ஆனால் பெட்டியைத் திறந்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், துண்டு கட்டிக்கொள்வேன். எறும்பு ஏறாமல் தாங்கியின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருக்கிறேன், நீங்கள் வைத்த மாதிரியே.

தேனெடுப்பதுதான் முற்றிலும் வேறு. ராட்டு (தேனடை) கிடையாது, புகை வேண்டாம், சுற்றும் இயந்திரமும் வேண்டாம். மேல்பெட்டியில் திராட்சைக் கொத்துபோலப் பழுப்பு நிறக் குமிழ்கள். ஒவ்வொன்றாகக் குத்தி, சின்ன மோட்டாரில் குழாய் மாட்டி உறிஞ்சுகிறோம். குஞ்சுகள் கீழே மரத்துக்குள் இருப்பதால் அவற்றுக்குத் தொந்தரவு இல்லை. நாலில் ஒரு பங்குக் குமிழை அதுகளுக்கே விட்டுவிடுவேன். தேன் தண்ணீராக ஓடும், நல்ல புளிப்பு. நீர் அதிகம் என்பதால் வெளியே வைத்தால் பொங்கிவிடுகிறது. முதல் போத்தலின் மூடி இரவில் தெறித்து, அடுக்களை முழுக்கத் தேன். இப்போது எடுத்த உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன்.

ரப்பர் மரத் தேன் பூவிலிருந்து வருவதில்லை, தளிர்க் காம்பில் ஊறுவது என்று நீங்கள் காட்டித் தந்தது ஞாபகம் இருக்கிறது. 1992-இல் நம் தேனீப் பெட்டிகளில் நோய் வந்து புழுக்கள் பைபோல வீங்கிச் செத்ததும், நீங்கள் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்ததும் ஞாபகம் இருக்கிறது. அதன்பிறகு நீங்கள் தேனீ பக்கம் போகவே இல்லை. ஆனால் அப்போதும் பின்சுவர்க் கூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்பா. நாம் அதைக் கவனித்ததே இல்லை.

சுவரை உடைக்காமலே அந்தக் கூட்டிலிருந்து பானையில் ஒரு புதுக் கூடு உண்டாக்கலாம். ஓட்டை வாசலில் இருக்கும் பிசின் குழலை மெதுவாக உடைத்தெடுங்கள். அங்கே ஒரு குழாயைக் களிமண்ணால் இறுக்கி, மறுமுனையை ஒரு மண்பானைக்குள் விடுங்கள். பானையின் எதிர்ப்பக்கம் சிறு துளை போட்டு, உடைத்த பிசினை அதைச் சுற்றி ஒட்டுங்கள். பழகிய வாசனை என்பதால் அந்த வழியாகவே போய்வரும், நாளடைவில் பானைக்குள்ளும் கட்டும். சில மாதம் ஆகும். உள்ளே புது ராணி முட்டையிட்டு, தேன்குமிழும் வந்தபின் குழாயைப் பிரிக்கலாம். தாய்க்கூடு சுவரிலேயே இருக்கட்டும்.

கொத்தனார் திங்கட்கிழமை வருகிறாராமே. அதற்குமுன் தம்பியைக் கூப்பிட்டு ஓட்டையைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போடச் சொல்லுங்கள். பானையை நீங்களே பாருங்கள், அவனிடம் விட வேண்டாம்.

உங்கள் மகள்