போகோட்டாவைக் கார் கண்ணாடி வழியாகப் பார்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கொலம்பியத் தலைநகர் போகோட்டாவுக்குப் போய்வந்த இளம் தம்பதியின் பயணக் கட்டுரையைப் படித்தேன். முதுகில் பையை மாட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போன அந்தப் பிள்ளைகளை நினைத்து மகிழ்ச்சிதான். ஆனால் கட்டுரையில் பாதிக்கு மேல் எச்சரிக்கைகளே இருந்தன. வடக்குப் பகுதியிலேயே தங்குங்கள், பஸ் வேண்டாம், எங்கே போனாலும் வண்டி பிடியுங்கள், தங்க அருங்காட்சியகத்தைப் பார்த்த கையோடு கடற்கரை ஊரான கார்த்தஹேனாவுக்கு விமானம் ஏறுங்கள் என்று அடுக்கியிருந்தார்கள். பக்கத்திலேயே போதைப்பொருள் கடத்தல் பற்றி ஒரு பெட்டிச் செய்தி வேறு. சுமார் 80 லட்சம் பேர் வாழும் ஊரைப் பற்றி நம் வாசகர்களுக்குக் கிடைப்பது இவ்வளவுதானா என்று மனசு கேட்கவில்லை. நானும் என் கணவரும் பணி ஓய்வுக்குப் பிறகு ஆளுக்கொரு பையுடன் அதே ஊருக்குப் போய்த் தங்கியவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

திருட்டே கிடையாது என்று சொல்ல வரவில்லை. நெரிசலான பஸ்ஸில் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் பறிபோக வாய்ப்பு உண்டு. பழைய நகரமான லா காண்டெலாரியாவின் சந்துகளில் இருட்டிய பிறகு நடமாட வேண்டாம் என்று உள்ளூர்க்காரர்களே சொல்கிறார்கள். நாங்கள் தங்கிய விடுதியின் அம்மா, கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொன்னார். அப்படியே செய்தோம். எந்தப் பெரிய ஊரிலும் இருக்க வேண்டிய கவனம்தான் இது. அதற்காக ஊரையே கார் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வரலாமா?

கட்டுரையில் ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஞாயிறுகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் காலை 7 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை, போகோட்டாவில் 120 கிலோமீட்டருக்கு மேல் சாலைகளை மோட்டார் வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். சிக்லோவியா என்பது இதன் பெயர். 1974 டிசம்பரில் சைக்கிள் ஆர்வலர்கள் முன்னின்று தொடங்கியது, இன்றுவரை நடக்கிறது. எத்தனையோ மேயர்கள் வந்து போனார்கள். ஊர் மக்கள் இதை விட்டுக்கொடுக்கவில்லை.

ஏழாம் சாலை என்பது அந்த ஊரின் முதுகெலும்பு. மற்ற நாட்களில் அதைக் கடப்பதே பெரும்பாடு. ஞாயிறு காலை அங்கே போய் நின்றபோது சத்தமே வேறாக இருந்தது. இஞ்சின் சத்தம் இல்லை, சைக்கிள் சக்கரங்களும் பேச்சும்தான். அப்பாவின் கையைப் பிடித்து ஸ்கேட்டிங் பழகும் குழந்தை, சக்கர நாற்காலியில் பாட்டியைத் தள்ளிக்கொண்டு வரும் பேரன், நாயுடன் ஓடும் பெண், பழைய துருப்பிடித்த சைக்கிளில் ஒருவர், அவர் பக்கத்திலேயே பல லட்சம் பெறும் பந்தய சைக்கிளில் இன்னொருவர். குறுக்குச் சாலைகளில் சீருடை போட்ட இளைஞர்கள் நிறுத்தப் பலகையைக் காட்டிக் கார்களை நிறுத்துகிறார்கள். கார்க்காரரும் முகம் சுளிக்காமல் நிற்கிறார். நடைபாதை ஓரத்தில் ஒரு பெரியவர் காற்றடிக்கும் பம்பும் ஒரு தகர டப்பா நிறையப் பஞ்சர் சாமான்களும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தள்ளி ஒரு பெண் மாங்காயை நீள நீளமாகச் சீவி, உப்புப் போட்டு, எலுமிச்சை பிழிந்து டம்ளரில் கொடுத்தார். மிளகாய்த்தூள் மட்டும்தான் குறை. பூங்காக்களில் மேடை போட்டு இலவசமாக உடற்பயிற்சி சொல்லித் தருகிறார்கள். பாட்டு அலறுகிறது, என் வயதுப் பெண்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக நின்று ஆடுகிறார்கள். நானும் போய் நின்றுகொண்டேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சென்னை பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் 2014-ல் ஞாயிறு காலைகளில் வண்டிகளை நிறுத்திவைத்து நடத்தினார்களே, அந்த யோசனைக்கு வேர் இந்த ஊர்தான். நம் இதழில் அதையாவது சொல்லியிருக்கலாம்.

இன்னொரு இடமும் விட்டுப்போயிருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. கொலம்பிய அரசும் ஃபார்க் என்ற இடதுசாரி ஆயுதக் குழுவின் கெரில்லாக்களும் அரை நூற்றாண்டுக்கு மேல் சண்டை போட்டு, 2016-ல் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கெரில்லாக்கள் ஒப்படைத்த துப்பாக்கிகளில் 37 டன்னை உருக்கித் தகடுகளாக வார்த்து, தோரிஸ் சல்செதோ என்ற சிற்பி ஒரு கூடத்துக்குத் தரை போட்டிருக்கிறார். அதன் பெயர் ‘ஃபிராக்மெந்தோஸ்’. நகரின் மையப் பகுதியில், இடிந்துபோன பழைய வீடு ஒன்றின் சுவர்களை அப்படியே விட்டு, நடுவே கண்ணாடிச் சுவருடன் கட்டியிருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. 2018-லிருந்து திறந்திருக்கிறது.

அந்தத் தரையைக் குனிந்து தொட்டுப் பார்த்தேன். சில்லென்று, மேடும் பள்ளமுமாக, சொரசொரப்பாக இருந்தது. அச்சுக்கான உலோகத் தகடுகளைச் சுத்தியலால் அடித்து அந்த மேடு பள்ளங்களை உண்டாக்கியவர்கள், போரின்போது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள். அவர்கள் ஓங்கி ஓங்கி அடிப்பதை அங்கே ஒரு படமாகவும் காட்டுகிறார்கள். நினைவுச் சின்னம் என்றால் அண்ணாந்து பார்ப்பதுதான் வழக்கம். இங்கே துப்பாக்கி காலுக்குக் கீழே கிடக்கிறது. என் கணவர் பேச்சுக்காரர். வெளியே வந்து வெகுநேரம் அவர் வாயே திறக்கவில்லை.

கொலம்பியா என்றாலே கடத்தல்காரன் கதையை எடுத்துவைப்பவர்கள், அந்தக் கதைக்கு அந்த மக்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டாமா? ஏழாம் சாலையிலேயே, ஹிமேனெஸ் அவென்யூ சந்திப்புக்குப் பக்கத்தில், ஒரு கட்டடச் சுவரில் வரிசையாகப் பலகைகள் பதித்திருக்கிறார்கள். 1948 ஏப்ரல் 9 அன்று மக்கள் தலைவர் ஹோர்கே எலியேசெர் காய்த்தான் அங்கேதான் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று மூண்ட கலவரத்தில் நகரின் மையமே எரிந்தது. டிராம்களைக் கொளுத்தினார்கள். நாட்டில் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த கட்சிச் சண்டை அதன் பிறகு ஊர் ஊராகக் கொழுந்துவிட்டது. கைப்பையும் குடையுமாகச் சனங்கள் அந்தப் பலகைகளைக் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் வந்து இறங்கி நடந்ததால்தான் அது எங்கள் கண்ணில் பட்டது.

பஸ் என்றதும் ஒன்று. 2000-ல் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ பஸ்களுக்குத் தனிப்பாதை இருக்கிறது. நெரிசல் உண்மைதான், காலை வேளையில் மூச்சு முட்டும். ஆனாலும் ஊரை ஊராகப் பார்க்க அதுதான் வழி. தெற்கே சியுதாத் பொலிவார் மலைச்சரிவில் வாழும் எளிய மக்களுக்காக 2018 கடைசியில் தொங்கு வண்டி விட்டார்கள். முன்பு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வளைந்து வளைந்து இறங்கியவர்கள் இப்போது கால் மணி நேரத்துக்குள் பஸ் நிலையத்துக்கு வந்துவிடுகிறார்கள். எங்களுடன் ஒரே பெட்டியில் வந்த பள்ளிச் சிறுமி மடியில் நோட்டை விரித்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

அருங்காட்சியகங்களைப் பற்றிக் கட்டுரையில் இருப்பதால் நான் நீட்டவில்லை. தங்க அருங்காட்சியகத்தில் இருக்கும், முயிஸ்கா பழங்குடியினர் செய்த தங்கப் படகு ஒரு சாணுக்கும் சற்றுக் குறைவான நீளம்தான். 1969-ல் ஒரு குகையிலிருந்து விவசாயிகள் கண்டெடுத்தது. நடுவில் நிற்கும் தலைவனையும் சுற்றியிருக்கும் குட்டி ஆட்களையும் கம்பி கம்பியாகத் தங்கத்தில் வார்த்திருக்கும் வேலையை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓவியர் பொத்தேரோ தன் படைப்புகள் 123-ஐயும், பிக்காசோ, மொனே போன்றவர்களுடையது உட்படத் தான் சேர்த்துவைத்த 85-ஐயும், மக்கள் காசு கொடுக்காமல் பார்க்க வேண்டும் என்றே நாட்டுக்குக் கொடுத்தார். அவற்றை வைத்திருக்கும் பொத்தேரோ அருங்காட்சியகம் 2000-லிருந்து இலவசமாகவே இருக்கிறது. இதைக் குறிப்பிடாமல் ‘குண்டு மனிதர்கள் ஓவியம்’ என்று மட்டும் எழுதியிருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், எச்சரிக்கை செய்வதென்றால் உண்மையில் செய்ய வேண்டியது உயரத்தைப் பற்றி. போகோட்டா சுமார் 2,640 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். அந்த உச்சியின் உயரத்தில் இவ்வளவு பெரிய ஊர் என்று நினைத்துப் பாருங்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம்தானே என்று பருத்திச் சட்டையோடு போனால் நடுங்க வேண்டியிருக்கும். முதல் நாள் மாடிப்படி ஏறினாலே இளைக்கும். ஊருக்குப் போய் இறங்கியதுமே, 3,152 மீட்டரில் இருக்கும் மொன்செராத்தே மலைத் தேவாலயத்துக்கு நடந்து ஏறாதீர்கள். 1929-லிருந்து ஓடும் இழுவை ரயில் இருக்கிறது, அதில் போகலாம். குளிருக்கு அஹியாக்கோ என்ற சூப் நல்லது. மூன்று வகை உருளைக்கிழங்கு, சோளம், கோழி போட்டுக் கெட்டியாக வைக்கிறார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் பலோகெமாவோ சந்தைக்குப் போய்ப் பழமாக வாங்கிச் சாப்பிடலாம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விற்கும் மரத்தக்காளி அங்கே மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது, அதில் ஜூஸ் போடுகிறார்கள்.

ஆசிரியர் அவர்கள் அடுத்த இதழ்களில் ஏதாவது ஒன்றில் சிக்லோவியாவைப் பற்றித் தனிக் கட்டுரை போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சாலைகளை மூடும் ஏற்பாட்டை யார் செய்கிறார்கள், செலவை யார் ஏற்கிறார்கள், கடைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையெல்லாம் விசாரித்து எழுதினால் நம் ஊர் மாநகராட்சிக்காரர்களும் படிப்பார்கள். போகத் திட்டமிடும் தம்பதிகளுக்கு ஒரு தகவல்: தங்க அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை, பொத்தேரோ அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. அதற்கேற்ப நாட்களைப் பிரித்துக்கொண்டு, ஒரு ஞாயிறாவது கட்டாயம் உள்ளே வருகிற மாதிரி டிக்கெட் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கோயம்புத்தூர்