நயினாதீவுப் படகில் ஒரு நைலோன் முடிச்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துத் தீவகக் கோயில்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், நாகபூசணி அம்மன் கோயில் இருக்கும் நயினாதீவுக்குப் போகும் வழியை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். போய்வந்தவர்களுக்குத் தெரியும், பாதிக் கதை அந்த வழியில்தான் இருக்கிறது.

பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் வேலணை, வாணர் பாலம், புங்குடுதீவு என்று கடலுக்கு நடுவே ரோட்டு ஓடிக்கொண்டே இருக்கும். இரு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர், அதில் வலை கட்டிய கம்புகள், கம்புக்கொரு கொக்கு. குறிகட்டுவானில் ரோட்டு முடிந்துவிடும். அங்கிருந்து இருபது நிமிடம் படகு.

போன மாதம் எழுபத்துநாலு வயது அம்மாவுடன் போனேன். படகு ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருக்க, யாரோ முழங்கையைப் பிடித்து அம்மாவை உள்ளே இறக்கினார்கள். இருக்கைகள் நிறைந்த பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். உயிர்காப்பு அங்கிகள் இல்லாமல் இல்லை. கூரைச் சட்டத்தில் நீல நைலோன் கயிற்றால் கட்டாகக் கட்டி, முடிச்சும் இறுகிப்போய் இருந்தன. கேட்டதற்குப் படகுப் பெடியன் சிரித்தான்: "அம்மாளாச்சி இருக்கிறா, பயப்பிடாதேங்கோ."

சரி, எனக்கும் நம்பிக்கை உண்டு. இல்லாவிட்டால் ஏன் இவ்வளவு தூரம் வருகிறேன்? அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டால் அம்மாளாச்சி கோவிக்கமாட்டா.

இதே நயினாதீவில் சிங்கள அரசன் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 12ஆம் நூற்றாண்டினது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு, வரும் பிறநாட்டவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. யானை, குதிரை கொண்டுவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகப் பொருள் கொண்டுவந்த கப்பலென்றால் பாதிக்குப் பாதி. பொலநறுவையில் இருந்த அரசன் இதைத் தமிழில் வெட்டுவித்திருக்கிறான், கடலால் வருகிறவர்களுக்கு விளங்கவேண்டும் என்றுதானே. இன்று அம்மனிடம் போகிறவர்களும் தெற்கிலிருந்து இதே தீவிலுள்ள பௌத்த நாகவிகாரைக்கு வருகிறவர்களும் ஒரே படகில் நெருக்கியடித்து உட்காருகிறோம். எத்தனை பேர் ஏறலாம் என்று தமிழிலோ சிங்களத்திலோ ஒரு வரிகூட அந்தப் படகில் என் கண்ணில் படவில்லை.

கோயிலில் நல்ல தரிசனம். அமுதசுரபி மண்டபத்தில் சாப்பாடும் ஆயிற்று.

திரும்பும்போது வேறு படகு. அதில் ஏறியவுடனேயே ஆளுக்கொரு அங்கியைக் கையில் தந்தார்கள்; ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை. அம்மாவுக்குக் கிடைத்ததில் கொளுவி உடைந்திருந்தது. சேலைத் தலைப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, கரை வரும்வரை ஒரு கையால் அதைப் பிடித்தபடியே இருந்தார். ஆனித் திருவிழாவுக்குச் சனம் திரளும் முன் பொறுப்பானவர்கள் அந்தக் கொளுவிகளையாவது மாற்றட்டும். ஆட்களை எண்ணி ஏற்றுவதற்கு ஒராளைத் துறையில் நிறுத்தட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோண்டாவில்.