இன்னும் 89 பேர் வேண்டும்: கடலூர் சிறப்புப் பள்ளிக்காக ஒரு வேண்டுகோள்

கடலூர்க்காரர்களுக்கும், வேலைக்காக வெளியூர் போய்விட்டாலும் ஊர் நினைப்பை விடாதவர்களுக்கும் வணக்கம்.

பள்ளியின் பெற்றோர் குழு சார்பில் எழுதுகிறேன். நானும் இங்கே படிக்கிற ஒரு பிள்ளையின் அப்பாதான். மகளுக்கு 11 வயது, மூளை முடக்குவாதம். செம்மண்டலத்தை ஒட்டி ஒரு வாடகைக் கட்டடத்தில் 58 பிள்ளைகளோடு பள்ளி நடக்கிறது. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொன்று, சிலருக்கு இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மாதம் 500 ரூபாய் தவறாமல் தருகிற 130 பேர் எங்களுக்கு வேண்டும். இதுவரை 41 பேர் சேர்ந்திருக்கிறார்கள். மீதி 89 பேரைத் தேடித்தான் இதை எழுதுகிறேன். ஒரு வேனும் வாங்கியாக வேண்டும், அந்தக் கதை பின்னால் வருகிறது.

எங்களுக்கு உதவி செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை, அதை மறைத்தால் நன்றி கெட்டதனம். பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் நினைவுநாள் என்று மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் யாராவது வந்து பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டுவிட்டுப் போகிறார்கள். வடலூர் இருக்கிற மாவட்டம் இது. 1867-ல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் அடுப்பு இன்னும் அணையவில்லை. அந்த மண்ணில் பிறந்தவர்களுக்குப் பசி என்று காதில் விழுந்தால் கை தானாக நீளும். அந்த மனசை நம்பித்தான், சாப்பாட்டைப் பற்றியே ஒரு விஷயம் சொல்கிறேன்.

எங்கள் பிள்ளைகளில் பலருக்கு மெல்லுவதும் விழுங்குவதுமே பெரிய வேலை. நாக்கும் தாடையும் அவர்கள் நினைக்கிறபடி நகராது. வீட்டில் நாங்கள் எல்லோருமே செய்த தப்பு ஒன்று உண்டு. பிள்ளையை மடியில் மல்லாக்கப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கரைத்த சாதத்தை வாயில் ஊற்றிவிடுவோம். சீக்கிரம் இறங்கிவிடும், பிள்ளை சாப்பிட்டுவிட்டது என்று நிம்மதியாக இருப்போம். ஆனால் அதில் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. என் மகளுக்கு நாலு வயதுக்குள் மூன்று தடவை நிமோனியா வந்தது. மூன்று தடவையும் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஊசி போட்டு அனுப்பினார்களே தவிர, எப்படிச் சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்தப் பள்ளிக்கு வந்த முதல் நாள் ஸ்பீச் தெரபிஸ்ட் கேட்ட முதல் கேள்வி அதுதான். பேச்சு சொல்லித் தருவதுதான் அவர் வேலை என்று நினைத்திருந்தேன். அவர் என் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, குழந்தையை நாற்காலியில் இடுப்பு நேராக இருக்கும்படி வைத்து, பாதம் தொங்காமல் கீழே ஒரு பலகை கொடுத்து, மோவாய் லேசாகக் குனிந்திருக்க, கரண்டியை மேலிருந்து இறக்காமல் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, ஒரு வாய் முழுசாக உள்ளே போன பிறகே அடுத்த வாய் என்று செய்து காட்டினார். கஞ்சியைத் தண்ணியாகக் கொடுக்காமல் கொஞ்சம் கெட்டியாகக் கொடுக்கச் சொன்னார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நாற்பது நிமிஷம் ஆகும். அதற்கப்புறம் ஏழு வருஷமாக நெஞ்சுச் சளி என்று அவள் ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். பிறந்தநாளுக்கு வருகிற பிரியாணிப் பொட்டலத்தை இவளைப் போன்ற பதினாலு பிள்ளைகளால் அப்படியே சாப்பிட முடியாது. சாதத்தைக் குழைய மசித்து, பக்கத்தில் நாற்பது நிமிஷம் பொறுமையாக உட்கார்ந்து ஊட்டுகிற ஆயாம்மாவுக்குச் சம்பளம் கொடுத்தால்தான் அவர்களுக்குச் சோறு. சாப்பாடு போட ஆள் வருகிறார்கள், ஊட்டுகிறவருக்குச் சம்பளம் போடத்தான் ஆள் வேண்டும்.

கணக்கைச் சொல்கிறேன். சிறப்பு ஆசிரியர்களின் சம்பளமும் வாடகையும் பெற்றோர் தரும் கட்டணத்திலும் பழைய நன்கொடையாளர்கள் உதவியிலும் எப்படியோ ஓடுகிறது. ஓடாதது மீதிதான். முழுநேர பிசியோதெரபிஸ்ட் ஒருவருக்கு மாதம் 24,000. வாரம் இரண்டு நாள் புதுச்சேரியிலிருந்து வருகிற ஸ்பீச் தெரபிஸ்டுக்கு 14,000. மூன்று ஆயாம்மாக்களுக்கு ஆளுக்கு 9,000 என்று 27,000. ஆக மாதம் 65,000 ரூபாய். இதைத்தான் 130 பேர், ஆளுக்கு 500 என்று பிரித்திருக்கிறோம்.

ஒரேயடியாக ஒரு பெரிய தொகை கேட்கலாமே, ஏன் மாதாமாதம் என்று சிலர் கேட்டார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்பு எங்கள் பிசியோதெரபிஸ்ட் வேறு இடத்தில் நல்ல சம்பளம் கிடைத்துப் போய்விட்டார். அவர்மேல் எங்களுக்கு வருத்தமே இல்லை, கல்யாணம் ஆகிக் குழந்தை பெற்றவர், நாங்கள் கொடுத்ததில் எத்தனை நாள் காலம் தள்ளுவார். அடுத்தவர் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. நெல்லிக்குப்பத்திலிருந்து வருகிற ஒரு பையன் அப்போது இணைக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஆறேழு அடி வைத்துக்கொண்டிருந்தான். மூளை முடக்குவாதத்தில் கெண்டைக்கால் தசை எப்போதும் இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். தினமும் இழுத்து நீட்டிவிட வேண்டும், காலுக்கு ஸ்ப்ளின்ட், அதாவது பாதம் மடங்காமல் பிடித்து வைக்கிற தாங்கி, போட்டு நிற்கவைக்க வேண்டும். விட்டால் எலும்பு வளர்கிற வேகத்துக்குத் தசை வளராமல் குட்டையாகி, மூட்டு அப்படியே மடங்கி நின்றுவிடும். அந்த ஐந்து மாதத்தில் அவன் கொஞ்சம் உயரமாகிவிட்டான், பழைய ஸ்ப்ளின்ட் போதவில்லை, புதிதாக அளவெடுத்துக் கொடுக்க ஆள் இல்லை, வீட்டில் அவன் பாட்டிக்குத் தெரிந்தவரைக்கும் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டார். திரும்ப தெரபிஸ்ட் வந்து பார்த்தபோது குதிகால் தரையில் படவில்லை. இப்போது அறுவை சிகிச்சை செய்யலாமா என்று டாக்டர்கள் யோசிக்கிறார்கள். ஆறேழு அடி வைத்தவன் அந்தப் பையன். அவன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மொத்தமாக ஒரு லட்சம் வந்தால் நாற்காலி வாங்கலாம், பெயின்ட் அடிக்கலாம். அடுத்த ஏப்ரலிலும் சம்பளம் உண்டு என்று ஒரு தெரபிஸ்டுக்கு உறுதி சொல்ல வேண்டுமானால் எங்களுக்கு மாதாமாதம் வரும் பணம்தான் வேண்டும். 500 முடியாவிட்டால் 100 கொடுங்கள், நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு 500 கொடுங்கள். ஒரு வருஷமாவது விடாமல் கொடுங்கள் என்பதுதான் கேட்பது.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். இவ்வளவு செய்தால் குணமாகிவிடுமா? இது காய்ச்சல் மாதிரி வந்து போகிற நோய் இல்லை. டவுன் சிண்ட்ரோம் என்பது 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் வருவது, அது மாறாது. ஆட்டிசத்துக்கு மருந்து கொடுத்து அதை எடுத்துவிடவும் முடியாது. அப்புறம் எதற்கு பள்ளி என்றால், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பையனைப் பற்றிச் சொன்னால் புரியும். ஒன்பது வயது, ஆட்டிசம், பேச்சு இல்லை. இரண்டு வருஷம் முன்பு வரை டயபர்தான். அவன் அம்மா முந்திரி உடைக்கிற வேலைக்குப் போனவர், இவனை யாரிடம் விடுவது என்று நிறுத்திவிட்டார். எங்கள் டீச்சர் செய்தது இதுதான்: கழிப்பறை, தண்ணீர், கை கழுவுதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பட அட்டை, ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் அதே வரிசையில். நாலு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. ஐந்தாவது மாதம் ஒரு நாள் அவனே அட்டையை எடுத்துக்கொண்டு வந்து டீச்சர் கையில் வைத்தான். அன்று பள்ளியில் ஒருவரும் வேலை பார்க்கவில்லை, எல்லோர் கண்ணிலும் தண்ணீர். இப்போது அவன் பாட்டி அவனைப் பார்த்துக்கொள்கிறார், அம்மா மறுபடியும் வேலைக்குப் போகிறார். அந்த வீட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

அரசு ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்கிறது. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்துகிற நிராமயா காப்பீட்டில் வருஷத்துக்கு 1 லட்சம் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பிள்ளையின் உரிமை என்கிறது. இதெல்லாம் பல குடும்பங்களுக்குத் தெரிவதே இல்லை, அடையாள அட்டை வாங்குவதிலிருந்து விண்ணப்பம் நிரப்புவது வரை எங்கள் குழுவில் இரண்டு அம்மாக்கள்தான் கூடவே போய்ச் செய்து தருகிறார்கள். உங்கள் தெருவில் இப்படி ஒரு பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருந்தால், பணம் தராவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் குடும்பத்துக்கு எங்களைப் பற்றிச் சொல்லுங்கள். எவ்வளவு சின்ன வயதில் வருகிறார்களோ அவ்வளவு நல்லது.

சரி, வேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியதும், அதன் பிறகு சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததும் யாருக்கும் மறந்திருக்காது. அப்போது பள்ளி ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. பிள்ளைகளைச் சாய்த்து உட்காரவைக்கிற ஃபோம் கட்டைகள், பாய்கள், பந்துகள் எல்லாம் சேற்றுத் தண்ணீரில் ஊறிப்போய்த் தூக்கி எறிந்தோம். தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர், இனி ஆற்றோரம் வேண்டாம் என்று இந்தப் பக்கம் மாறி வந்தோம். பொருட்களைப் பலர் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் நடந்தே வந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்கு இப்போது தூரமாகிவிட்டது, இருக்கிற பழைய வேனுக்கு அடுத்த எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) கிடைக்காது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அது எங்கள் அம்மாக்களுக்குப் பெரிய உதவிதான். ஆனால் 25 கிலோ எடையுள்ள, கழுத்து நிற்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காலை எட்டரை மணிக் கூட்டத்தில் அந்த உயரப் படியில் ஏற முடியுமா? முதுநகர், ரெட்டிச்சாவடி, குள்ளஞ்சாவடிப் பக்கத்துப் பிள்ளைகள் வேன் நின்றால் பள்ளிக்கே வர மாட்டார்கள். கொஞ்சம் ஓடிய, நல்ல நிலையில் உள்ள வேன் ஒன்று, சக்கர நாற்காலி ஏற்றச் சாய்தளம் வைப்பதையும் சேர்த்து 9 லட்சம். கையில் 3,40,000 இருக்கிறது. இன்னும் 5,60,000 வேண்டும். இதற்கு மட்டும் ஒரு தடவைத் தொகையாகக் கொடுப்பவர்கள் கொடுக்கலாம்.

பணம் எங்கே போகிறது என்று கேட்கிற உரிமை கொடுப்பவர்களுக்கு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைப் பள்ளிப் பலகையில் ஒட்டுகிறோம், மாதம் தருபவர்களுக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறோம். சம்பளக் கணக்கும் வேன் கணக்கும் தனித்தனி. குழுவில் இருக்கிற யாருக்கும் ஒரு ரூபாய் படி கிடையாது. ரசீது வாங்காமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள், பள்ளி பெயரைச் சொல்லி வீட்டு வாசலில் உண்டியல் நீட்டுகிறவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை. நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை (80ஜி) உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான், அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது, அதனால் வங்கி வழியாகவோ ஜிபேயிலோ அனுப்புங்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் தாராளமாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களிடம் பணம் வாங்க எங்களுக்கு இன்னும் அனுமதி இல்லை, தயவுசெய்து தவறாக நினைக்க வேண்டாம்.

பிள்ளைகளோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ள அனுமதிப்பதில்லை. அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாது, அவர்களுக்காக நாங்கள் சொல்கிறோம். சாப்பாடு போடுகிறவர்கள் தொடர்ந்து போடுங்கள், அதை நிறுத்தச் சொல்லவே இல்லை. முடிந்தால் அந்த நாளில் ஒரு ஆயாம்மாவின் ஒரு நாள் சம்பளம் 300 ரூபாயையும் சேர்த்துக் கொடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் ஒரு தடவை நேரில் வந்து பாருங்கள். சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை பெற்றோர் யாராவது இருப்போம், கணக்கு நோட்டைக் காட்டுவோம், வங்கிக் கணக்கு விவரம் அலுவலகத்தில் எழுதித் தருவோம். ஆட்டோவில் வருபவர்கள் வாசலில் ஹாரன் அடிக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். அந்தச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு அழுகிற பிள்ளைகள் முன் அறையிலேயே இருக்கிறார்கள்.