ஏற்றுமதியில் நிரல் பகுதிகளின் மொழி லேபிள் சிதைவது குறித்த புகார்

அனுப்புநர்:
கணினி ஆய்வக ஆசிரியர்,
தங்கள் குறிப்பேட்டுச் செயலியின் ஆண்டுச் சந்தாதாரர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மார்க்டவுன் (எளிய குறிகளால் வடிவமைக்கும் எழுத்துமுறை) ஆவணங்களைப் பிடிஎஃப், எச்டிஎம்எல் வடிவங்களில் ஏற்றுமதி செய்யும்போது நிரல் பகுதிகளின் மொழி லேபிள் (எந்த நிரல் மொழி என்று காட்டும் பெயர்) மாறிவிடுதல் – மூன்றாம் முறையாகப் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். மார்க்டவுனில் எழுதி, எழுதியதை அப்படியே அச்சுக்கு அனுப்பலாம் என்று தங்கள் விளம்பரத்தில் கண்ட ஒரே காரணத்துக்காகத்தான் ஐந்து மாதங்களுக்கு முன் ஆண்டுச் சந்தா செலுத்தினேன். மாணவர்களுக்கான 84 பக்க ஆய்வகக் கையேட்டை அதில் எழுதி, பிடிஎஃப் ஆக மாற்றி, 40 படிகள் எடுத்து வழங்கினேன். இரண்டாவது வகுப்பிலேயே ஒரு மாணவி எழுந்து, கையேட்டில் உள்ள நிரலை ஒரு எழுத்தும் பிசகாமல் தட்டச்சு செய்தும் ஓடவில்லை என்றார். போய்ப் பார்த்தேன். சி++ நிரல்கள் பயன்படுத்தும் ஐஓஸ்ட்ரீம் என்ற கோப்பே இல்லை என்று, நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி மென்பொருள் திரையில் சொல்லிக்கொண்டிருந்தது. நிரல் சி++ மொழியில் எழுதப்பட்டது. ஆனால் கையேட்டில் அந்தப் பெட்டியின் தலையில் 'சி' என்று அச்சாகியிருந்ததால், அவர் கோப்பை டாட் சி என்ற பின்னொட்டுடன் சேமித்திருந்தார். ஜிசிசி அதை சி நிரலாகவே எடுத்துக்கொண்டது. பிழை அந்த மாணவியுடையதன்று.

வீட்டுக்கு வந்து மூலக் கோப்பைத் திறந்து பார்த்தபோது, நிரல் பகுதியைத் தொடங்கும் மூன்று பேக்டிக் (`) குறிகளை அடுத்து சி++ என்று நான் சரியாகவே எழுதியிருந்தேன். அதே பக்கத்தை எச்டிஎம்எல் ஆக ஏற்றுமதி செய்து, உலாவியில் பார்க்காமல் டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து படித்ததில், நிரலைச் சுற்றியுள்ள கோட் டேக்கில் மொழியைக் குறிக்கும் கிளாஸ் 'லாங்குவேஜ்-சி' என்றிருந்தது. பிறகு ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு வரி நிரல் கொண்ட சிறு கோப்பு ஒன்றை உருவாக்கிச் சோதித்தேன். பைத்தான், ஜாவா, ரூபி ஆகியவை பழுதின்றி வந்தன. சி#, சி++ இரண்டும் 'சி' ஆயின. எஃப்#, வெறும் 'எஃப்' ஆனது. ஆப்ஜெக்டிவ்-சி என்பதில் 'ஆப்ஜெக்டிவ்' மட்டும் மிஞ்சியது. எழுத்தோ எண்ணோ அல்லாத முதல் குறியைக் கண்டதும் தங்கள் செயலி லேபிளை அங்கேயே வெட்டிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை என்று நினைக்கிறேன். தங்கள் சோதனைப் பிரிவினர் பைத்தானை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

முதல் புகாருக்கு, என் கோப்பில்தான் பிழை இருக்கும் என்று பதில் வந்தது. அதே கோப்பை, ஆவணங்களை வடிவம் மாற்றும் இலவச மென்பொருளான பாண்டாக்கில் கொடுத்துப் பார்த்தேன். அது சி++ என்பதைத் தானே 'சிபிபி' என்ற அதன் மாற்றுப் பெயராக மாற்றிக்கொண்டு சரியாக வெளியிட்டது. இரண்டாம் புகாருக்கு வந்த பதில் இன்னும் விநோதமானது. அமைப்புகளில் 'பழைய மார்க்டவுன் இணக்கம்' என்ற விருப்பத்தை இயக்குமாறு கூறினார்கள். இயக்கினேன், தவறான லேபிள்கள் மட்டுமின்றி எல்லா லேபிள்களும் போய்விட்டன. 2004-இல் வெளிவந்த முதல் மார்க்டவுனில் நிரல் பகுதியைக் குறிக்க நான்கு இடைவெளியோ ஒரு டேபோ உள்தள்ளுவதே வழி. மொழிப் பெயரை எழுத அதில் இடமே கிடையாது. தலைவலிக்கு மருந்து கேட்டவனிடம் தலையை எடுத்துவிடச் சொன்னதுபோல் இருந்தது அந்த ஆலோசனை.

மொழி லேபிளை எப்படிக் கையாள வேண்டும் என்று, மார்க்டவுனின் விதிகளை வகுக்கும் காமன்மார்க் வரையறை கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் அந்தப் பதிலில் சுட்டியிருந்தார்கள். அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பேக்டிக் குறிகளுக்குப் பின் வரும் முதல் சொல்லையே மொழியின் பெயராகக் கொள்வது வழக்கம் என்றும் அதே வரையறை சொல்கிறது. சொல் என்பது இடைவெளி வரை நீள்வது. சி++ என்பதில் கூட்டல் குறிகளுக்கு முன் இடைவெளி எதுவும் இல்லை. கட்டாயமில்லை என்பதால், வாடிக்கையாளர் எழுதியதைத் திருத்திவிடும் உரிமை தங்களுக்கு வந்துவிடாது.

இன்னொன்றும் உண்டு. நிரலின் கீழ் அதன் வெளியீட்டைத் தரும்போது வேண்டுமென்றே லேபிள் இடாமல் விடுவேன். அது எந்த மொழியும் அல்ல, திரையில் தோன்றும் எழுத்து மட்டுமே. அங்கே தங்கள் செயலி தானாக ஊகித்து ஒரு பெயரைச் சூட்டுகிறது. மெனுவிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஆங்கில வரி ஒன்றுக்கு, அதில் செலக்ட், ஃப்ரம் என்ற இரு சொற்கள் இருந்த ஒரே பாவத்துக்காக அச்சொற்களைப் பயன்படுத்தும் தரவுத்தள மொழியான 'எஸ்க்யூஎல்' என்ற பட்டம் கிடைத்திருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடும் அடக்கம் மென்பொருளுக்கும் வேண்டும்.

இப்போதைக்கு 26 இடங்களில் சி++ என்பதை 'சிபிபி' என்று கையால் மாற்றி, அந்தப் பக்கங்களை மட்டும் மறுபடி அச்சிட்டுக் கொடுத்திருக்கிறேன். சி# பகுதிகளுக்கும் அவ்வாறே 'சிஷார்ப்' என்று எழுதினால் தப்பிக்கலாம். ஆனால் பெட்டியின் தலையில் 'சிபிபி' என்று அச்சாவதைப் பார்த்து, இது எந்த மொழி ஐயா என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு வகுப்பிலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியுள்ளது.

ஆகவே, முதல் இடைவெளி வரையுள்ள லேபிளை அப்படியே காக்குமாறும், லேபிள் இல்லாத பகுதிகளில் ஊகிக்கும் வசதியை நிறுத்திவைக்க ஒரு விருப்பத்தைத் தருமாறும், அதுவரை இக்குறைபாட்டைத் தங்கள் உதவிப் பக்கத்தில் வெளிப்படையாக அறிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பருவத்துக்கான கையேட்டை இன்னும் 30 நாட்களில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அதற்குள் சரிசெய்ய இயலாதெனில், மீதமுள்ள ஏழு மாதங்களுக்கான சந்தாத் தொகையைத் திருப்பித் தந்துவிடுங்கள். இம்முறை, இணைத்துள்ள சோதனைக் கோப்பைத் திறந்து பார்த்த ஒருவரே பதில் எழுத வேண்டும் என்பதையும் வேண்டுகோளாகவே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்.

இணைப்பு: சோதனைக் கோப்பு, அதன் எச்டிஎம்எல் ஏற்றுமதி, கையேட்டின் 31-ஆம் பக்கத்தின் படம்.