கட்டில் பக்கத்திலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள கலா,

உன் கடிதத்தைத் தம்பியின் டயாலிசிஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தேன். வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அவன் இப்போது பரவாயில்லை, முக வீக்கம் வடிந்திருக்கிறது. ஒரு சின்னச் சொம்புத் தண்ணீரில் ஒரு முழு நாளை ஓட்டப் பழகிவிட்டான். வெயில் நாளில் அதைப் பார்க்கத்தான் எனக்கு மனசு தாங்கவில்லை.

கலிபோர்னியாவில் வருமானம் குறைந்தவர்களுக்கான மெடி-கால் என்ற அரசுக் காப்பீட்டில் 2022-லிருந்து வந்த மாற்றங்களைப் பற்றி எழுதியிருந்தாய். நோயாளிக்கென்று ஒரு ஆளை வைத்து, சாப்பாடு, வீடு, போக்குவரத்து என்று எல்லாவற்றையும் விசாரிக்கச் சொல்கிறார்கள் என்றாய். வீட்டுச் சுவரில் பூஞ்சை பிடித்து ஆஸ்துமா முற்றினால், அந்தப் பூஞ்சையை எடுக்கவும் காப்பீட்டுப் பணம் கிடைக்கும் என்றதை இரண்டு தடவை படித்தேன். மருந்து எழுதிக் கொடுத்து அதே சுவருக்குத் திருப்பி அனுப்பினால் என்ன பிரயோஜனம்?

இங்கே முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் நாங்கள் என்றைக்கோ நிலத்தை விற்றிருப்போம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பார்க்கிறார்கள், டயாலிசிஸுக்கு எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அட்டை ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுகிறது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர் இருக்கிறார். வேலை போய்விட்டது. வயதான அம்மாதான் கூட வருகிறார். எக்ஸ்பிரஸ் ரயிலில் நூறு கிலோமீட்டருக்கு மேல் வருகிறார்கள், இரண்டு பேருக்கும் முழு டிக்கெட். டயாலிசிஸுக்குப் போகும் சிறுநீரக நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினால் போதும். எட்டு மாதமாக அவர்களுக்கு இதை யாருமே சொல்லவில்லை, கலா! எனக்கே தற்செயலாகத்தான் தெரியவந்தது.

சாப்பாடும் அப்படித்தான். டயாலிசிஸில் புரதம் போய்விடுகிறது, முட்டை வெள்ளைக்கரு சாப்பிடு என்கிறார்கள். அந்த அம்மாவின் தூக்குவாளியில் நான் பார்த்ததெல்லாம் வெறும் இட்லிதான். முதியோர் பென்ஷனுக்கு மனு போட்டீர்களா என்று கேட்டேன். தாலுகா ஆபீஸுக்கு எப்போது போவது, இவனை யார் பார்ப்பது என்றார். மாதம் 1,200 ரூபாய் என்பது அந்த வீட்டில் பெரிய காசு.

காப்பீட்டு கவுண்ட்டரில் இவர்களுடைய ரேஷன் கார்டு, வருமானச் சான்று, நோயின் விவரம் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. வாரம் இரண்டு தடவை அந்த வாசலைத் தாண்டித்தான் வருகிறார்கள். அதே இடத்தில் ஒருவர் உட்கார்ந்து ரயில் படிவம், பென்ஷன் மனு என்று பார்த்துக் கொடுத்தால், அவருடைய சம்பளத்தையும் காப்பீடே கொடுத்தால், எத்தனை குடும்பம் மூச்சு விடும்! வீடு தேடிப் போவதும் நமக்குப் புதிதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் வந்த பிறகு என் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. கொண்டு வரும் பெண் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவாள். வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் திரவப் பையைக்கூட வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுக்கிறார்கள். இவ்வளவும் செய்பவர்களால் இன்னும் நாலு கேள்வி கேட்க முடியாதா?

சரி, ஒரு உதவி. உன் வேலையில் முதல் நாள் நோயாளி வீட்டுக்குப் போகும்போது நீ என்னென்ன கேட்பாய் என்று வரிசையாக எழுதி அனுப்பு. தமிழில் மாற்றி, இங்கே நர்ஸ் அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். அவரும் ஆசையாகக் கேட்டார்.

ரயில் படிவத்தில் நேற்றுக் கையெழுத்து வாங்கிவிட்டோம். அந்த அம்மா அதை மடிக்க மனசில்லாமல் மகனின் எக்ஸ்ரே கவரில் வைத்துக்கொண்டார்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை நீ.

அன்புடன்,
விஜயா